விசாலம் மாமியின் சிவப்புப் புள்ளிகள்

போன ஞாயிற்றுக்கிழமை, நான் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த யோக சிகிச்சை நிலையத்திலிருந்து இரண்டு பெண்கள் செம்பூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களுக்கு வரும் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் இவற்றுக்கென்று தனி வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் அதைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வந்த காரியம் வேறு. பழைய அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அதில் ஒரு மஞ்சள் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் கையெழுத்து, எங்கள் தலைவி மாலதிபாயியின் கையெழுத்து, மாதாமாதம் மூன்று சிவப்புப் புள்ளிகள்.

“இதுல ஒரு தப்பு இருக்கு ஆன்ட்டி. இங்க பாருங்க, ஆபரேஷன்ல யூட்ரஸ் எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கு. அதுக்கு அப்புறமும் எட்டு மாசம் எம்.சி. டாட் வெச்சிருக்கு. எப்படி வரும்? டெலீட் பண்ணிடலாமா?” என்றாள் ஒருத்தி.

ஒரு வாரம் டைம் கொடு, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வாரம் இன்றோடு முடிகிறது. அந்தப் புள்ளிகளை வைத்தது நான்தான். அது தப்பா சரியா என்று எனக்கு அன்றைக்கும் பிடிபடவில்லை, இன்றைக்கும் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தாராவிக்காரி. அப்பா வடாலாவில் கிடங்கு வேலை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும், பம்பாயில் டிராம் நின்றுபோன அடுத்த வருஷம், மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த அந்த நிலையத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஜமக்காளம் விரிப்பது, மூக்குக் கழுவ உப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாக வைப்பது, அட்டை எழுதுவது. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. இப்போது பெண்கள் சர்ட்டிபிகேட்டை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது மாலதிபாயியின் ஆள்காட்டி விரல்.

அந்த விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயி நெடுநெடுவென்று உயரம். ஒன்பது கஜம் வெள்ளைப் புடவை, வலது மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். யாராவது சவாசனத்தில் படுத்திருந்தால் ஓசையில்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உடம்பில் எங்கே இறுக்கம் இருக்கிறதோ சரியாக அந்த இடத்துக்கு அடியில் ஒரே ஒரு விரலை வைப்பார். தோள்பட்டை, முழங்கால், தாடை. அந்த இடம் தானே இளகிக் கீழே வரும்வரை விரலை எடுக்கமாட்டார். ‘ரிலாக்ஸ்’ என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நாடி பார்த்தால் முழுசாக ஒரு நிமிஷம். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிற சோலி அவரிடம் கிடையாது. நன்றாகச் செய்தாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். “ஜோ போலா, ஓ லிக்கோ.” அவர்கள் என்ன சொன்னார்களோ அதை எழுது. நீ நினைத்ததை எழுதாதே. ஒரு அம்மா ‘தலை கனக்கிறது’ என்று சொன்னதை நான் ‘தலைவலி’ என்று எழுதிவிட்டேன். அட்டையைக் கிழித்துப் புது அட்டை எழுத வைத்தார். கனமும் வலியும் ஒன்றா என்று கேட்டார்.

பெண்களுக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கிடைக்கிற இரண்டு மணி நேரம். அட்டையில் தூக்கம், பசி, மலம், நாடி என்று கட்டங்கள் இருக்கும். கடைசியில் எம்.சி. என்று ஒரு கட்டம், மாதவிலக்குக்கு. அந்த மூன்று நாள் ஆசனம் கிடையாது என்பது நிலையத்து விதி. அதனால் அந்தத் தேதிகளில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். சிவப்புப் பென்சில் என் பொறுப்பு. இருபத்திரண்டு வயதில் அது எனக்குச் செங்கோல் மாதிரி இருந்தது.

விசாலம் மாமி வந்தது ஒரு மழைக்காலத்தில். நாற்பத்தெட்டு வயது. கணவர் ஏதோ ஆபீசில் ஹெட்கிளார்க். இரண்டு அறை வீட்டில் கணவரின் தம்பி குடும்பமும் சேர்ந்து பதினோரு பேர். ஊரிலிருந்து வேலை தேடி வந்து தங்கியிருக்கிற பையன்களையும் சேர்த்துத்தான். திடீர் திடீரென்று காது மடல்வரை சூடு ஏறுகிறது, ஜாக்கெட் தொப்பலாக நனைகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூன்று மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை என்று சொன்னார். குழம்புக் கரண்டியைக் கொழுந்தன் மேல் வீசிவிட்டதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

இதைக் கேட்டால் இன்றைக்கு எந்தப் பெண்ணும் இன்னது என்று சொல்லிவிடுவாள். பாயிக்கும் சந்தேகம் வந்தது. எம்.சி. எப்படி என்று கேட்டார். “அதெல்லாம் டாண்ணு வந்துடறது” என்றார் மாமி. எழுதினேன். நிற்கிற வயதுப் பெண்களுக்குப் பாயி தனியாக ஒரு வரிசை வைத்திருந்தார். அந்த வரிசையில் சீதளி என்கிற குளிர்ந்த மூச்சும், முன்னால் குனிகிற ஆசனங்களும், நீண்ட சவாசனமும் இருந்தன. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்பதால் மாமியை அதில் சேர்க்கவில்லை. வீட்டுக் கவலைக்காரர்கள் வரிசையில் போட்டார். அங்கே நின்று, வளைந்து, உடம்பைச் சூடாக்குகிற வேலை அதிகம். மாமி மடிசார் புடவையில் எங்கள் எல்லோரையும்விட லாகவமாகச் செய்வார். செய்துவிட்டு வேர்வையில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாடி இறங்காது. பாயி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணுவார்.

நாலு மாதம் புள்ளி வைத்த பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. மாமியின் புள்ளிகள் எந்தப் பண்டிகை மேலும் விழவில்லை. நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்துவிடும். தீபாவளியைச் சுற்றிக்கொண்டு போகும். மாமனார் திவசத்துக்கு நாலு நாள் கழித்துத்தான் வரும். எந்தப் பெண்ணுக்கும் இவ்வளவு புத்திசாலியான உடம்பு கிடையாது.

மாதம் ஒருமுறை வீட்டில் பயிற்சி எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்துவர உதவியாட்கள் போக வேண்டும். வேண்டுமென்றே புள்ளி நாளில் போனேன். என் மாதிரிப் பெண்கள் அந்தக் கட்டடங்களில் பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டு வழியாகத்தான் ஏறுவோம். மேலே ஏறினால் குளியலறையை ஒட்டிய பின் பால்கனியில், தனிப் பாய், தனித் தட்டு, தனிச் செம்போடு மாமி கால் நீட்டிப் படுத்துத் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஓரகத்தி கமலா சமைக்கிற சத்தம் கேட்டது. மாமி முகத்தில் வேர்வை இல்லை. நாடி பிடித்தேன். எழுபத்திரண்டு. நிலையத்தில் ஒருநாளும் தொண்ணூறுக்குக் கீழே பார்த்ததில்லை.

அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பியில் பாதியைத் தன் டம்ளரிலேயே ஆற்றி எனக்கு நீட்டினார். நான் தயங்கினேன். “குடிடி பொன்னு. இன்னிக்கு நானும் தொடப்படாதவதான். யாரு கேக்கப் போறா?” என்றார். மற்ற நாளில் அந்த டம்ளர் எனக்குக் கிடைக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் குடித்தேன். நல்ல காப்பி.

குடித்துவிட்டு நேராகவே கேட்டேன். “மாமி, நீங்க பாயிட்ட பொய்யா சொல்லுதிய?”

கோபித்துக்கொள்ளவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். “எனக்கு நின்னு ஒரு வருஷமாச்சு. சொன்னா என்ன ஆகும் தெரியுமோ? மாசம் முப்பது நாளும் அடுப்படிதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்குன்னு இருக்கறது இந்த மூணு நாளும் இந்தப் பாயும்தான். ரெண்டு துணியை நனைச்சுக் காயப் போட்டா யாரு வந்து பாக்கப் போறா? நீ மட்டும் வாயைத் தெறக்காம இரு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் தாராவி வீட்டில் ஒரே அறை, ஏழு பேர். யார் எங்கே விலகி உட்கார்வது? அம்மா அந்த நாளிலும் குழாயடியில் குடத்தோடு சண்டை போடுவாள். அம்மாவுக்கு எப்போது நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவளாவது கவனித்தாளா என்பதும் தெரியாது. தீட்டு என்று ஒதுக்கி உட்கார வைப்பது அவமானம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த அவமானத்தைப் பறித்துக்கொள்வார்களோ என்று ஒருத்தி பயந்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

பாயியிடம் சொல்லவில்லை. அவர் சட்டமே எனக்குச் சாக்காக இருந்தது. மாமி என்ன சொன்னாரோ அதைத்தானே எழுதுகிறேன்? ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் புடவை திருத்திக்கொண்டிருக்கும்போது, ஜமக்காளம் மடிக்கிற சாக்கில் மாமியை மூலைக்கு அழைத்துப் போய் சீதளி சொல்லிக் கொடுத்தேன். நாக்கைக் குழாய் மாதிரிச் சுருட்டி, அதன் வழியாகக் காற்றை உள்ளே இழுத்து, மூக்கால் விட வேண்டும். மாமிக்கு நாக்குச் சுருளவில்லை. அப்படிப்பட்டவர்கள் பல்லிடுக்கில் இழுக்கலாம். “மொளகாயைக் கடிச்சுட்டு ஸ்ஸ்ஸுன்னு இழுக்கறாப்ல இருக்குடி” என்பார். சூடு ஏறத் தொடங்குகிறது என்று தெரிந்ததும் பன்னிரண்டு மூச்சு. படுக்கும்போது சுவரில் கால் தூக்கி வைத்துக்கொண்டு வெளிமூச்சை மட்டும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்தில் அஞ்சு மணிவரை தூங்கினார். கொழுந்தன் மேல் எதையும் வீசவில்லை. நிலையத்திலேயே நாடி எண்பதுக்கு வந்தது. பாயி எண்ணிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் ஜமக்காளத்தைப் பார்ப்பேன்.

அப்படியே ஆறு மாதம் போயிருக்கும். ஒருநாள் மாமி வகுப்புக்கு வந்ததும் என் காதருகே குனிந்தார்.

“பொன்னு, நெஜமாவே வந்துடுத்துடி.”

முகமெல்லாம் சிரிப்பு. இனிமேல் பொய் சொல்ல வேண்டாம், பகவானே பார்த்துக் கொடுத்துவிட்டார் என்றார். இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். யோகம் செய்தால் வயது திரும்பும், நரை கறுக்கும் என்றெல்லாம் நிலையத்துக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். என் சீதளிதான் மாமியின் வயதைத் திருப்பிவிட்டது என்று நான் நம்பினேன். ஜமக்காளம் மடிக்கிற பெண், மூலையில் வைத்து ரகசியமாகச் சொல்லிக் கொடுத்து, நின்றுபோனதை ஓட வைத்துவிட்டாள். அன்று ஸ்டேஷன்வரை என் கால் தரையில் படவில்லை.

அதற்குப் பிறகு புள்ளிகள் ஒழுங்கு தவறின. பத்து நாளில் வந்தது, அஞ்சு நாள் நின்றது, மறுபடி இருபது நாளில் வந்தது. ஒருமுறை ஆடிப் பெருக்கன்றே வந்து வீட்டில் ரகளையாகிவிட்டதாம். அதைக்கூட மாமி பெருமையோடு சொன்னார். மூன்று மாதம் நான் சந்தோஷமாகப் புள்ளி வைத்தேன்.

மூன்றாம் மாத முடிவில் பாயி, வழக்கம்போல் நின்றுகொண்டே டீ குடித்தபடி அட்டைகளைப் பார்த்து வந்தார். மாமியின் அட்டையில் கண் நின்றது. ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் ஏன் கெட்டுப்போயிற்று என்று கேட்டார். நான் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. கெட்டுப்போகவில்லை பாயி, இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது என்று ஆரம்பித்து, பின் பால்கனி, பொய்ப் புள்ளி, மூலையில் சீதளி எல்லாவற்றையும் பரிசு வாங்கப் போகிறவள் மாதிரிச் சொல்லி முடித்தேன்.

டீ கிளாஸை மேஜையில் வைத்தார். நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ரத்தம் வந்தால் அது இளமை இல்லை, அபாயம் என்றார். கர்ப்பப்பையில் கெட்ட வளர்ச்சி இருந்தால் அப்படித்தான் வரும், மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டாய் என்றார். சத்தம் போடவில்லை. என் கையிலிருந்த சிவப்புப் பென்சிலை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அங்கேயும் அந்தச் சட்டம்தான். அட்டையில் இருப்பது மாமி சொன்னது, நீ சொல்வதை நான் எழுத முடியாது என்றார். ரத்தப்போக்கு ஒழுங்கில்லை, பார்க்கவும் என்று மட்டும் ஒரு வரி எழுதினார். “உன் கையால எழுதின பொய். அவங்க வாயைத் திறக்கலேன்னா நீயே போய் டாக்டர்கிட்டச் சொல்லி அழிச்சுட்டு வா” என்று ஹிந்தியில் சொன்னார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் மாமி, மாமா, நான். வழியெல்லாம் மாமியிடம் கெஞ்சினேன். கூட மாமா இருக்கிறார் என்பதால் குசுகுசுவென்றுதான் பேச முடிந்தது. மாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் ஒரு மராட்டிக்கார அம்மா. எங்கள் பின்னால் வரிசை வாசல் தாண்டி நின்றது. அவர் கேள்விகளை இங்கிலீஷில் மாமாவிடம் கேட்டார். வயது? நாற்பத்தொன்பது. மாதவிலக்கு இதற்கு முன்னால் எப்படி?

“ரெகுலர், டாக்டர். எவ்ரி மன்த்” என்றார் மாமா. மாமி தலையாட்டினார்.

நிற்கப் போகிற வயதில் முன்னே பின்னே வருவது சகஜம்தான் என்று டாக்டர் மாத்திரைச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதி முடித்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். நாங்கள் எழுந்து போய்விடுவோம். மாமியைப் பார்த்தேன். கண்ணாலேயே ‘வேண்டாம்டி’ என்றார். நான் சொன்னால் மாமா தெரிந்துகொள்வார், வீடு தெரிந்துகொள்ளும், பின் பால்கனிப் பாயைச் சுருட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால் மாமி செத்துப்போவார்.

மாமாவுக்கு மராட்டி வராது. பம்பாயில் முப்பது வருஷம் இருந்தும் காய்கறி பேரம் தாண்டி அவர் போனதில்லை. நான் டாக்டரிடம் மராட்டியில் சொன்னேன். இவர்களுக்கு நின்று கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகிறது, அட்டையில் இருப்பதெல்லாம் பொய், ரத்தம் வந்தது இந்த மூன்று மாதமாகத்தான். பேசி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு மாமியைப் பார்த்து, “பந்த் ஹோ கயா தா?” என்று கேட்டார். கடை அடைத்தாலும் மில் அடைத்தாலும் பம்பாயில் எல்லோர் வாயிலும் வருகிற சொல் அது. அதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. மாமி மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாமாதான் பேசினார். தரையைப் பார்த்தபடி, “யெஸ், டாக்டர். டூ இயர்ஸ்” என்றார்.

மாமியும் நானும் ஒரே சமயத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தோம். டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கிழித்துப்போட்டார்.

உள்ளே மாமியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது வராந்தாவில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷமாக ஒன்றாக இருக்கிறோம், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்றார். அப்படியானால் ஏன் ரெகுலர் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்.

“அவளே சொல்லாததை நான் எப்படிம்மா சொல்றது? எனக்கு ஆபீஸ்ல கேஷுவல் லீவு உண்டு. அவளுக்கு அது ஒண்ணுதானே லீவு. அதைப் போய் நான் பிடுங்கணுமா?”

அவரை அறையலாம் போலவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. இரண்டு பேருமே மாமிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

உள்ளிருந்து சுரண்டி எடுத்துச் சோதித்ததில் பாயி பயந்ததுதான் என்று தெரிந்தது. நல்லவேளை, ஆரம்பம்தான். கர்ப்பப்பையை எடுத்தார்கள். மாமி பிழைத்தார்.

நாலு மாதம் கழித்து மெலிந்துபோய் மறுபடி நிலையத்துக்கு வந்தார். பாயி அட்டையில் ஆபரேஷன் விவரத்தைத் தன் கையால் எழுதினார். இப்போது எல்லாம் உண்மை. வரிசையும் சரியான வரிசை. சீதளியைப் பாயியே சொல்லிக் கொடுத்தார், முதல்முறை கேட்பதுபோல் மாமி கேட்டுக்கொண்டார். குனிகிற ஆசனம், காலைச் சுவரில் தூக்குவது, முதுகுக்கு அடியில் அந்த விரல், ஒன்றையும் விடவில்லை. மூன்று மாதம் ஆயிற்று. தூக்கம் வரவில்லை. சூடு முன்னைவிட மோசம். நாடி தொண்ணூற்றாறு. பொய் அட்டையை வைத்துக்கொண்டு அரைகுறை உதவியாள் மூலையில் சொல்லிக் கொடுத்தபோது தேறின உடம்பு, உண்மை அட்டையும் பெரிய கையும் சேர்ந்தபோது தேறமாட்டேன் என்றது. பாயி அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் எண்ணினார்.

வீட்டு நிலவரத்தை மாமி எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார். இப்போது அவர் எப்போதும் மடி. தீட்டே கிடையாது என்பதால் பூஜைக்கும் திவசத்துக்கும் நித்தியப்படிக்கும் அவர்தான் சமையல். கொடுத்துவைத்தவள் என்று உறவெல்லாம் சொல்கிறதாம். பின் பால்கனியில் அந்தத் தனிப் பாய் கமலாவுக்கு மட்டும் விரிகிறது. என் மேல் வருத்தமா என்று கேட்டேன். “உசிரைக் குடுத்தவ நீ. உன்மேல என்ன வருத்தம்? ஆனா அந்த மூணு நாளை இனிமே எங்க போய்க் கேக்கறது, சொல்லு” என்றார். நான் ஜமக்காளத்தை மடித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள். காலை பத்து மணி, பெண்கள் வருகிற நேரமே இல்லை. மாமி தனியாக மாடியேறி வந்தார். வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. ஜன்னலோரம் மூலையில், மற்ற ஜமக்காளம் எதுவும் படாதபடி, கையோடு கொண்டுவந்த பாயை விரித்தார். பக்கத்தில் ஒரு செம்பு வைத்தார். பையிலிருந்து தொடர்கதைப் பத்திரிகையை எடுத்தார். பாயி எழுந்து வந்து என்ன விஷயம் என்று தனக்குத் தெரிந்த ஓட்டைத் தமிழில் கேட்டார்.

“நான் இன்னிக்கு வெளியில, பாயி.”

மாதவிலக்கு நாளை மாமி வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். பாயி மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியும் பார்வையைத் தாழ்த்தவில்லை. அந்த அட்டையின் தலைப்பில் கர்ப்பப்பை இல்லை என்று எழுதின கை பாயியுடையது. சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்தார். ஏழு மாதமாக என் கைக்கு வராத சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஜோ போலா, ஓ லிக்கோ.”

புள்ளி வைத்தேன். பென்சிலை அழுத்திவிட்டேன், புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. இப்போதும் அட்டையில் அது அப்படியே இருக்கிறது. மாமி நாலு மணிவரை படுத்திருந்தார். கொஞ்சம் படித்தார், கொஞ்சம் தூங்கினார். நாங்கள் ஒரு ஆசனமும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்தார். மாதம் மூன்று நாள் முழுநாள் சிகிச்சை அவசியம் என்று பாயி மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். டாக்டர் உத்தரவு என்று வீட்டில் மாமாவே படித்துக் காட்டினாராம். மூன்றாவது மாதம் நாடி எழுபத்தெட்டு. எட்டாவது மாதம் மாமாவுக்குத் தொலைவில் பாண்டுப் பக்கம் வீடு கிடைத்துப் போய்விட்டார்கள், அட்டை அங்கே நின்றுவிட்டது.

மாமிக்கு உதவியது எது? சீதளியா, கத்தியா, அந்தப் பாயா? நாங்கள் வைத்தது வைத்தியமா பொய்யா? பாயியிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. பிறகு நானே பாயியின் நாற்காலியில் உட்கார்ந்தபோது என்னைக் கேட்க ஆள் இல்லை. எழுதியும் தெளியவில்லை.

சற்று முன்னால் அந்தப் பெண் போன் செய்தாள். கம்ப்யூட்டர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். புள்ளிகளை எடுத்துவிடவா என்றாள். ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்றேன்.

“அப்போ ரீசன்னு ஒரு கட்டம் இருக்கு ஆன்ட்டி, காலியா விட்டா சேவ் ஆகாது. அதுல என்ன போட?”

யோசித்தேன். மாமாவின் கண்ணாடி ஞாபகம் வந்தது.

“லீவுன்னு போடும்மா” என்றேன்.